வரிக்குப் பயந்து தாய்மாமன் ஆனவர்

சிறுவாச்சூர் கோயிலுக்குப் போகும் வழியில் கண்ணையன் அண்ணன் கட்டிய மாடி வீட்டில் நாலு போர்ஷன். மூன்றில் எங்களைப் போன்ற மாத வாடகைக்காரர்கள். கீழே முன்பக்கத்துப் போர்ஷனை மட்டும் யாருக்கும் மாதக் கணக்கில் விடமாட்டார். திங்கள், வெள்ளியில்தான் கோயில் நடை திறக்கும். அந்த நாட்களில் வெளியூர்க்காரர்கள் குளிக்க, சமைக்க, காலை நீட்ட அதை நாள் வாடகைக்கு எடுப்பார்கள். வாரம் முழுக்க நடை திறந்திருந்தால் தான் இந்நேரம் கோடீஸ்வரன் என்பது அவருடைய தீராத குறை.

ஊரில் வீட்டு வரியைத் திருத்தப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. நாள் வாடகைக்கு விட்டால் அது வீடு இல்லை, கடை மாதிரி; வரி கூடும். அந்த ஒரு போர்ஷனுக்காக மொத்தக் கட்டடத்துக்கும் கடை வரி போட்டுவிடுவார்கள் என்று டீக்கடையில் யாரோ கொளுத்திப் போட்டிருந்தார்கள்.

"அப்படிப் போட்டா உங்க வாடகையத்தான் ஏத்தணும்" என்றார் எங்களிடம், அழாக்குறையாக. நேரே ஊராட்சி ஆபீசில் போய்க் கேட்டுவிடலாமே என்றேன். கேட்டால் மாட்டிக்கொள்வோமாம். இந்த மூளையை வைத்துக்கொண்டு எப்படித்தான் மாடி கட்டினாரோ!

ஒரு திங்கட்கிழமை காலை ஊராட்சிச் செயலர் இளையபெருமாள் வந்து நின்றார். அன்றைக்கென்று முன் போர்ஷன் நிறைய உடையார்பாளையத்து ஆட்கள். தமிழ்மொழி என்ற பெண் தன் குழந்தைக்குக் காது குத்த வந்திருந்தாள். செயலர் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் முந்திக்கொண்டார்.

"வாங்க சார். எல்லாம் நம்ம சொந்தக்காரங்கதான். இது என் தங்கச்சி."

தமிழ்மொழி திருதிருவென்று விழித்தாள். அண்ணன் மனைவி கமலவேணி பின்னாலிருந்து கண்ணைக் காட்டியதும் புரிந்துகொண்டு, "ஆமாங்க, அண்ணன் வூடுதான்" என்றாள்.

"அப்ப தாய்மாமன் நீங்களா? சரியாப் போச்சு. மாமன் மடியில காது குத்துறதப் பாத்து ரொம்ப நாளாச்சு. நானும் வரேன்" என்று செயலர் செருப்பை மாட்டிக்கொண்டார். விஷயம் தெரிந்தேதான் வந்தார் என்பது என் எண்ணம்.

கோயிலில் அண்ணன் மடியில் குழந்தையை வைத்தார்கள். அது முதல் வேலையாக அவர் வேட்டியை நனைத்தது. "மாமன் சீர் எங்கங்க?" என்று ஆசாரி தட்டை நீட்டினார். அண்ணன் கமலவேணியைப் பார்த்தார். கமலவேணி வானத்தைப் பார்த்தாள். செயலர் அண்ணனையே பார்த்தார். வேறு வழியில்லாமல் அண்ணன் தன் விரலில் இருந்த மோதிரத்தை முறுக்கி முறுக்கிக் கழற்றித் தட்டில் வைத்தார்.

தமிழ்மொழி சட்டென்று அழுதுவிட்டாள். கூடப்பிறந்த அண்ணனோடு நிலத் தகராறு. அவன் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டானாம். "மாமன் மடி இல்லாமயே குத்தணும்னு நெனச்சேங்க" என்று விசும்பினாள். கண்ணையன் அண்ணனுக்கும் கண் கலங்கிவிட்டது. மோதிரத்துக்காகவும்தான்.

வீட்டுக்குத் திரும்பியதும் செயலர் பேனாவை எடுத்தார். "நாள் வாடகைக்கு விடுற போர்ஷனுக்கு மட்டும்தான் கடை வரி. மத்த மூணும் வீடுதான். இதச் சொல்லத்தான் வந்தேன். ஆனா சொந்தக்காரங்கதான் தங்குறாங்கன்னா, அதையும் வீடுன்னே எழுதிடவா?"

அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டார். "வேணாம் சார், கடைன்னே எழுதுங்க. வெள்ளிக்கிழமைக்கு இன்னொரு காதுகுத்து புக் ஆயிருக்கு. எங்கிட்ட வேற மோதிரம் இல்ல."

செயலர் எழுதப் போனார். அந்த நேரம் தமிழ்மொழி வந்து வாடகைப் பணத்தை நீட்டினாள். அண்ணனுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ!

"தங்கச்சிகிட்ட வாடகை வாங்குறவனா நானு? உள்ள வையிம்மா! அடுத்த வருஷமும் இங்கதான் வந்து எறங்கணும்."

செயலரின் பேனா நின்றுவிட்டது. "இப்ப நான் என்னன்னுங்க எழுதுறது?"

"இன்னைக்கி வூடு சார்" என்றார் அண்ணன், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு. "நாளையிலேருந்து கடை."