நடுநிலைக்காரனின் கூறைச்சேலை

எங்கள் காலத்துத் தேர்தலில் வேட்பாளர்களுக்கு ஆளுக்கொரு நிறப் பெட்டி. பிடித்த பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வரவேண்டியதுதான். அந்த முறை நீர்வேலியில் சிவப்புப் பெட்டிக்காக ஓடித்திரிந்தவர் என் அம்மான். பச்சைப் பெட்டிக்காக ஓடியவர் எனக்கு மாமனாராக வரவிருந்தவர். தேர்தலுக்கு நாலு நாள் முந்தி எனக்குக் கல்யாணம்.

இரண்டு பேரும் ஆதரவு கேட்டார்கள். "வாத்தியாருக்குக் கட்சி கூடாது, நான் நடுநிலை" என்று இரண்டு பேருக்கும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன். உள்ளே இருந்தது பயம்தான்.

கூறை எடுக்கவேண்டியது மாப்பிள்ளை வீடு. எங்கள் பக்கம் கூறையென்றால் சிவப்பு. அதில் அதுவரை ஒருவருக்கும் சந்தேகம் வந்ததில்லை. பெண்ணின் தகப்பனார் நேரே வந்துவிட்டார்.

"தம்பி, என்ரை பிள்ளை சிவப்பு உடுத்து மணவறையிலை இருந்தா சனம் என்ன கதைக்கும்? வேறை நிறம் எடும்."

இது அம்மானின் காதுக்கு எட்டியது. "சிவப்பு இல்லையெண்டா நான் கலியாணத்துக்கு வரமாட்டன். பந்தல்லை வாழைக்குலை பச்சையாய்த்தானே தொங்கப்போகுது, அதுக்கு நான் ஏதும் சொன்னனானோ?"

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. யாழ்ப்பாணத்துக்கு பஸ் ஏறிப் போய் மஞ்சள் கூறை ஒன்றை வாங்கிவந்தேன். மஞ்சள் மங்கலம், ஒருவருக்கும் நோகாது என்று நினைப்பு. மூன்றாவதாக, கொழும்பில் வழக்காடும் ஒரு அப்புக்காத்தும் தேர்தலில் நின்றார். ஊரில் அவரை ஒருவரும் கணக்கில் எடுக்கவில்லை, நானும் மறந்துபோனேன். அவருடைய பெட்டி மஞ்சள்.

பத்து நாளாக ஒருவர் முகத்தை ஒருவர் பாராத அம்மானும் மாமனாரும் அன்று பின்னேரம் சேர்ந்து வந்து என் வாசலில் நின்றார்கள். "உவன் மஞ்சளுக்கு ஆள் சேர்க்கிறான்" என்பதில் அவர்களுக்குள் கட்சி வேறுபாடே இல்லை. கல்யாணத்தை நிறுத்துவதிலும் ஒத்துப்போய்விடுவார்கள் போலிருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. கோயிலில் இரண்டு தரம் பார்த்ததுதான் என்றாலும், அவளை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

மறுநாள் காலை பெண்ணின் தமக்கை வந்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்:

"தங்கச்சி சொல்லிவிட்டவள். ஐயாவோடை தான் கதைச்சு முடிச்சிட்டாளாம். கூறை சிவப்புத்தானாம். ஊருக்கு நீங்கள் நடுவிலை நில்லுங்கோவாம். தனக்கும் ஐயாவுக்கும் நடுவிலை நிக்கிற மாப்பிள்ளை வேண்டாமாம்."

அன்றைக்கே கடைக்குப் போய்ச் சேலையை மாற்றினேன். மணவறையில் சிவப்புக் கூறையை அவள் கையில் கொடுத்தபோது, அம்மான் பச்சை வாழைக்குலையையும் மாமனார் மேற்கூரையையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நாலு நாள் கழித்து நாங்கள் இருவரும் ஒன்றாகப் போய் வாக்குப் போட்டோம். வெளியே வந்ததும், "எந்தப் பெட்டி?" என்று கேட்டாள். பக்கத்தில் ஆள் நிற்கிறதா என்று பார்த்தேன். பிறகு சொன்னேன். என் கட்சியை ஒருவரிடம் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல்தரம்.

அவள் எதில் போட்டாள் என்பதை இன்றுவரை சொல்லவில்லை.