நீலச் சுடர் அடங்கும் வரை

என் தம்பி எஸ்கோ பனி வாரும் வண்டி ஓட்டுகிறவன். பள்ளிக்கூட வாசலில் அவன் ஒதுக்கிவிட்ட பாதை நூல் பிடித்த மாதிரி இருக்கும்; வேறு யார் ஓட்டினாலும் அப்படி வராது. பேச்சுதான் வராது. எஸ்கோ வாயைத் திறந்தால் குளிர்காலம் முடிந்துவிட்டதென்று அர்த்தம் என்பார்கள் காபிக்கடையில்.

அவனும் சாய்லாவும் பிரிந்த பிறகு மகள் கெர்த்து ஏரிக்கரை வீட்டில் அம்மாவோடு இருந்தாள். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், சனி ஞாயிறு அப்பாவிடம். சாய்லா குடிப்பது ஊருக்கே தெரியும். முதுகுவலிக்கென்று ஆரம்பித்த மாத்திரையும் அதோடு சேர்ந்துகொண்டது. மகள் தன்னிடமே இருக்க வேண்டும் என்று எஸ்கோ விண்ணப்பித்தான். அந்த வீட்டில் என்ன குறை என்று குழந்தைநல அதிகாரி கேட்டிருக்கிறார். இவன் தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டே, "அவ நல்லவதான்" என்றானாம்.

"வாய்க்கு வாடகையா கேக்குறாங்க உன்கிட்ட?" என்று நான் திட்டினேன்.

"அவ பிள்ளையோட அம்மா, அக்கா. அடுத்தவங்க முன்னாடி என்னத்தச் சொல்லச் சொல்ற?"

குறிப்பிட்டு ஒன்றும் சொல்லாவிட்டால் பழைய ஏற்பாடே தொடரும் என்று அதிகாரி சொல்லிவிட்டார். இன்னொரு சந்திப்புதான் மிச்சம்.

அதற்கு முந்தின சனிக்கிழமை நானும் தம்பி வீட்டில் இருந்தேன். கூடத்துக் கணப்பு அடுப்பை மூட்ட விறகு கொண்டுவரப் போனான் எஸ்கோ. அவன் திரும்புவதற்குள் கெர்த்து, கூடையில் கிடந்த சிராய்களைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, அடியில் மரப்பட்டைச் சுருளை வைத்து, ஒரே தீக்குச்சியில் பற்றவைத்துவிட்டாள். ஏழு வயதுப் பெண். எங்கள் வீட்டுக் கை என்று எனக்குப் பெருமைகூட வந்தது.

விறகு எரிந்து கனலான பின், பனிச்சறுக்குக்குப் போகலாம் என்று கூப்பிட்டேன். அவள் அடுப்பை விட்டு நகரவில்லை.

"நீலமா ஆடுது பாருங்க அத்தை. அது போனப்புறம்தான் புகைபோக்கியை மூடணும்."

சரியான பேச்சு. நீலச் சுடர் அடங்குமுன், சூடு போகாமல் புகைபோக்கியை அடைக்கும் தகட்டை மூடினால் விஷக்காற்று வீட்டுக்குள் நின்றுவிடும். ஆனால் எங்கள் பக்கத்தில் அந்தத் தகட்டைப் பெரியவர்கள்தான் தொடுவார்கள். இவளுக்கு எப்படித் தெரியும்?

"யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாருமில்ல. ஒரு தடவ சீக்கிரம் மூடிட்டேன். எனக்கும் பூனைக்கும் வாந்தி வந்துச்சு. கதவைத் திறந்து விட்டேன். அதுக்கப்புறம் கூர்ந்து பார்த்துக் கண்டுபிடிச்சேன்."

"அம்மா எங்க இருந்தாங்க?"

"தூங்கிட்டு. காலையில அவங்க எந்திரிக்க மாட்டாங்கல்ல? வீடு சில்லுனு இருக்கும்."

எஸ்கோ வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். அந்த நீலம் போகும்வரை இருவரும் எழுந்திருக்கவில்லை.

அடுத்த சந்திப்புக்கு நானும் போனேன். சாய்லாவும் வந்திருந்தாள். அதிகாரி அதே கேள்வியைக் கேட்டார். தம்பி நடந்ததை நாலே வரியில் சொன்னான். பிறகு, "ஏழு வயசுப் பிள்ளைக்கு அது தெரிஞ்சிருக்கக் கூடாது" என்றான். அவன் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

"அடுப்பு மூட்டுறது நான்தான்" என்றாள் சாய்லா. "நான் எந்திரிக்கும்போது வீடு கதகதன்னு…"

அப்படியே நிறுத்தினாள். எஸ்கோவைப் பார்த்துக் கேட்டாள்: "தீப்பெட்டியை அலமாரி மேலதானே வச்சிருக்கேன்?"

"நாற்காலி போட்டு ஏறுவாளாம்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "உன்கிட்டயே இருக்கட்டும்" என்றாள். அதிகாரியிடம் அல்ல, எஸ்கோவிடம்.

எஸ்கோ விடியுமுன் வண்டி எடுக்கிறவனாயிற்றே, அப்போது பிள்ளையோடு யார் இருப்பார்கள் என்று அதிகாரி கேட்டார். அடுத்த வாசல்தான் என்னுடையது. நான் என்றேன்.

கெர்த்து இப்போது எங்களோடு இருக்கிறாள். சாய்லா சிகிச்சையில் சேர்ந்தாள், பாதியில் வந்தாள், திரும்பச் சேர்ந்திருக்கிறாள். சனிக்கிழமைகளில் மகளைப் பார்க்க வருவாள். ஏற்பாட்டின்படி நானும் கூடவே உட்கார்ந்திருப்பேன். போன வாரம் அடுப்பைத் தானே மூட்டுவதாகச் சொன்னாள். நீ போய் விளையாடு என்று மகளை அனுப்பியும் வைத்தாள். கெர்த்து பூட்ஸை மாட்டிக்கொண்டு வாசல்வரை போனாள். பூட்ஸைக் கழற்றிவிட்டுத் திரும்பி வந்து அம்மா பக்கத்தில் குந்திக்கொண்டாள்.

வெகுநேரம் கழித்துச் சாய்லா கேட்டாள். "இப்ப மூடலாமா?"

கெர்த்து குனிந்து உள்ளே பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் பொறும்மா."