உப்பு ரயில் ஓடிய மத்தியானம்

பயத்தை முற்றாக வென்ற மனிதன் இந்தப் பூமியில் ஒருவன்தான் உண்டு. அவன் மன்னார்த் தீவில் பிறந்தவன். இதைச் சொன்னவன் ஜெராட். அந்த ஒருவனும் ஜெராட்தான். சொன்ன இடம், தாழ்வுபாட்டில் அவன் தங்கச்சி அன்ரோனெற்றின் குசினி வாசல். சொல்லி முடிக்குமுன் காற்றில் கூரைத் தகரம் படாரென்று அடித்தது. கையிலிருந்த தேத்தண்ணி முழுவதையும் மடியில் ஊற்றிக்கொண்டான்.

இது நடந்தது. கூட்டிச் சொல்வதற்கு இதில் ஒன்றுமில்லை. குறைத்துச் சொல்லத்தான் சம்பந்தப்பட்டவர் இன்றுவரை பாடுபடுகிறார். நம்பாதவர்கள் தாழ்வுபாட்டுக்குப் போய் அன்ரோனெற்றைக் கேட்கலாம். கருவாடு காயப் போட்டுக்கொண்டிருப்பாள். நிமிராமலே பதில் சொல்லுவாள்.

2012, ஆவணி மாதம். ஜெராட் மடு மாதா திருநாளுக்கென்று கனடாவிலிருந்து வந்திருந்தான். அன்ரோனெற் இந்தியாவில் அகதி முகாமிலேயே இருபது வருடம் கிடந்து, திரும்பி வந்து வீட்டுத்திட்டத்தில் ஒரு வீடு எடுத்திருந்தாள். சுவர் எழும்பியிருந்தது. பூச்சு இல்லை. கதவுக்குப் பதில் சீலை தொங்கியது. அண்ணன் வந்து நின்ற நாளிலிருந்து அவளுக்கு வேலை இரண்டு மடங்காகியிருந்தது. அவன் பேச்சைக் கேட்பதும் அதில் ஒரு வேலை.

அவன் பேச்செல்லாம் ரோலர் கோஸ்டர் பற்றியது. கனடாவில் அதற்கொரு ரசிகர் சங்கம் இருக்கிறது. தண்டவாளத்தில் குன்று ஏறி, தலைகீழாக இறங்கும் வண்டிகளைத் தேடி நாடு நாடாகப் போய்க் குந்துவதும், குந்தியதைத் திரும்பி வந்து ஆளுக்காள் சொல்லிக்கொள்வதும்தான் சங்கத்தின் பணி. பல்வைத்தியர் இருக்கிறார், கணக்காளர் இருக்கிறார், ஓய்வுபெற்ற நீதவான் ஒருவர்கூட இருக்கிறார். இறக்கத்தில் இரண்டு கைகளையும் உயரத் தூக்க வேண்டும். தூக்காதவனை அங்கே ஆளாக மதிப்பதில்லை. ஜெராட் தூக்காத படம் ஒன்றுகூட இல்லை.

ஆனால் அவனுக்கு அங்கே முன்வரிசைக் கதிரை கிடைத்தது கை தூக்கியதால் அல்ல. ஒவ்வொருவரும் தாங்கள் முதன்முதல் ஏறிய வண்டியைச் சொல்லும் நாளில் அவன் சொன்னதால்: 'உப்பு ரயில். ஓலைத்தொடுவாய். 1982. எனக்குப் பன்னிரண்டு வயது.' அது உண்மையான இடம். ஹலீம் ஹாஜியார் என்ற வியாபாரி, பழைய உப்பளத்துத் தள்ளுவண்டிகளையும் தண்டவாளத்தையும் வாங்கி, கடற்கரையில் மண்குன்று எழுப்பி, ஒரு விளையாட்டுப் பூங்கா கட்டினார். வண்டியைக் குன்றின்மேல் இழுத்தவை கழுதைகள். வண்டியில் கட்டிய கயிறு உச்சியிலிருந்த கப்பியைச் சுற்றி மறுபக்கம் இறங்கும். கழுதைகள் அதை இழுத்துக்கொண்டு கீழே நடக்க, இந்தப் பக்கம் வண்டி மேலே ஏறும். உலகத்தில் வேறெங்கும் அப்படியொன்று இல்லை. சங்கம் வாய் பிளந்தது.

மனைவி பிரிந்து போயிருந்தாள். மகள் பிறந்தநாளுக்கு மட்டும் போன் எடுப்பாள். வேலைத்தலத்தில் அவன் பெயரை ஒருவரும் சரியாகச் சொல்வதில்லை. அந்தச் சங்கத்தில் மட்டும்தான், அவன் உள்ளே வந்தால் யாராவது எழும்பிக் கதிரையை இழுத்து விடுவார்கள்.

அந்த வருடம் புதிதாகச் சேர்ந்த ஒருவன் கேட்டான்: 'படம் இருக்கா?' செயலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஊருக்குப் போகும்போது அந்த வண்டியில் இருந்தபடி ஒரு படம் எடுத்து வந்தால் நல்லது என்றார். இல்லாவிட்டால் உப்பு ரயிலை அவன் ஏறிய வண்டிகளின் கணக்கிலிருந்து கழித்துவிட வேண்டி வரும். கதிரையும் அதோடு போகும். இதை அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையிருக்கவில்லை.

"நீங்க எப்ப அதில ஏறினனீங்கள்?" என்று கேட்டாள் அன்ரோனெற், மீனைக் கீறிக்கொண்டே. "அப்பர் எங்கள அந்தப் பக்கமே விடமாட்டாரே."

"உனக்கு என்ன தெரியும்? நீ சின்னப்பிள்ளை."

"ஓம், நான் சின்னப்பிள்ளைதான். அந்த வாளியை இஞ்சால தள்ளிவிடுங்கோ."

ஜெராட் பொய் சொல்லவில்லை என்றே வைத்துக்கொள்வோம். முப்பது வருடம் ஒன்றைத் திருப்பித் திருப்பிச் சொன்னால் அது நினைவாகிவிடுகிறது. காற்று முகத்தில் அடித்தது, வயிறு தொண்டைக்கு ஏறியது, எல்லாம் அவனுக்கு ஞாபகம் இருந்தது.

மறுநாள் பவ்ஸானின் ஓட்டோவில் புறப்பட்டான். பவ்ஸான் ஹாஜியாரின் கடைசி மகன். தொண்ணூறில் முஸ்லிம்களை வெளியேற்றியபோது கைக்குழந்தையாகப் புத்தளத்துக்குப் போய், இப்போது உம்மாவோடு திரும்பி வந்திருந்தான். வாப்பா அங்கேயே மௌத்தாகி அடங்கிவிட்டார். காணியைப் பார்க்க வருகிறவர்களை அவன் நிறையக் கண்டிருந்தான். அளக்க வந்தவர்கள், படம் பிடிக்க வந்தவர்கள், ஹோட்டல் கட்டுகிறோம் என்று வந்து இளநீர் குடித்துவிட்டுப் போனவர்கள்.

"அங்க ஒண்டுமில்ல அண்ணன்," என்றான். "தண்டவாளமெல்லாம் பங்கருக்குக் கூரை போடக் கழட்டிக்கொண்டு போயிட்டாங்கள். ஒரேயொரு வண்டி கிடக்கு. கழுதைகள் நிக்கும்."

"எனக்கு அந்த ஒண்டு போதும், தம்பி."

போய்ச் சேர்ந்தபோது நல்ல உச்சிவெயில். நிழல் காலுக்குள் போயிருந்தது. சோளகக் காற்று அள்ளி அள்ளி மணலை எறிந்தது. குன்று கரைந்து பாதியாகியிருந்தது. உச்சியில் இரண்டு பனங்குற்றிகள் வெறுமனே நின்றன, மேல்நிலை இல்லாத வாசல்போல. அடிவாரத்தில் நான்கு பாகம், இருபத்தைந்து அடிகூட வராத தண்டவாளம். அதன்மேல் ஒரு வண்டி. தண்டவாளத்தின் இரண்டு நுனியும் மணலுக்குள் போய் முடிந்தன.

பயணக் களைப்பு ஜெராட்டுக்கு அப்போதுதான் காலில் இறங்கியது. இவ்வளவுதானா?

பிறகு சங்கத்துத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு வண்டியைச் சுற்றி வந்தான். சின்ன விஷயம் ஒன்று கண்ணில் பட்டது. தண்டவாளத்தின் பக்கங்கள் துருப்பிடித்து உதிர்ந்துகொண்டிருந்தன. மேல்பரப்பு மட்டும் பளபளத்தது. தினமும் சில்லு ஓடும் தண்டவாளம்தான் அப்படி மினுங்கும்.

"இதை யாரும் தள்ளி விளையாடுறவங்களோ, தம்பி?"

"நாலு பாகத்தில என்னத்தத் தள்ளுறது அண்ணன்?"

இன்னொன்று. குன்றின் மறுபக்கம் கழுதைகள் நின்றன. மன்னாரில் தெருவெல்லாம் கழுதை, அது புதினமில்லை. ஆனால் அவை மேயவில்லை, நிழலும் தேடவில்லை. ஒன்றின்பின் ஒன்றாக, ஒரே வரிசையில், குன்றுக்கு முதுகைக் காட்டி நின்றன. கயிறு இல்லை. பூட்டியிருப்பதுபோல நின்றன.

ஜெராட் வண்டியில் ஏறிக் குந்தினான். இரண்டு பேருக்கான பலகை. மடிக்குக் குறுக்கே விழும் இரும்புச் சட்டத்தையும் யாரோ எப்போதோ கழற்றியிருந்தார்கள். அது இருந்த துளைகள் மட்டும் மிச்சம்.

போனைப் பவ்ஸானிடம் கொடுத்தான். "மூண்டு எண்ணும். நான் கையைத் தூக்குவன். அப்ப அமத்தும்."

"சரி அண்ணன். ஒண்டு..."

காற்று நின்றது.

அப்படி நிற்கிற காற்றல்ல அது. ஆவணியில் சோளகம் நிற்பதில்லை. ஆனால் நின்றது. மணல் பறக்கவில்லை. கடல் கேட்கவில்லை.

குன்றுக்கு அப்பால் ஒரு மணி. டிங்... டிங்... கழுத்து மணி.

குளம்புச் சத்தம். மெதுவாக. சேர்ந்து.

கழுதைகள் நடக்கத் தொடங்கியிருந்தன. ஓட்டுபவர் யாரும் இல்லை.

'கடக்' என்றது வண்டிக்குக் கீழே.

கடக்... கடக்... கடக்...

வண்டி ஏறிக்கொண்டிருந்தது. பவ்ஸான் கீழே, போனைப் பிடித்தபடி, வாயைத் திறந்தபடி, அசையாமல் நின்றான். சின்னதாகிக்கொண்டே போனான். முன்னால் தண்டவாளம் இருந்தது. நீளமாக, பளபளவென்று, உச்சிவரை.

இறங்க நினைத்தான். முடியவில்லை. மடிக்குக் குறுக்கே ஏதோ இறுகியிருந்தது. குளிர்ந்த இரும்பு. இரண்டு கையாலும் அதைப் பிடித்தான்.

அப்போதுதான் இடதுபக்கம் உணர்ந்தான்.

பாரம்.

மூட்டைபோல, ஈரமான, அசையாத பாரம். பலகை அந்தப் பக்கம் பணிந்தது. அவன் தோளை எதுவோ ஒட்டி நின்றது. உப்பு மணந்தது. உப்போடு இன்னொரு மணமும்.

திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நினைத்தான்.

கண் மட்டும் போனது. கீழே. பக்கத்து மடிக்கு.

ஒரு சட்டை. நீளக்கை வைத்த வெள்ளைச் சட்டை. கைகள் இரண்டும் மடியில் கிடந்தன...

சட்டைக்கை மட்டும். உள்ளே ஒன்றும் இல்லை.

உச்சி வந்தது. பனங்குற்றிகள் இரண்டும் வந்தன. அவற்றுக்கு நடுவே, அங்கே இல்லாத ஒன்று இருந்தது.

காதோடு காதாக ஒரு குரல். களைத்த குரல். அதட்டவில்லை.

"கையைத் தூக்காதேங்கோ."

அவன் தூக்கவில்லை.

தலைக்கு மேலே 'விர்ர்' என்றது.

பிறகு இறக்கம்...

"...ரெண்டு, மூண்டு," என்று எண்ணிப் போனை அமத்தினான் பவ்ஸான். காற்று மணலை எறிந்தது. கழுதைகள் நின்ற இடத்திலேயே நின்றன. வண்டி நாலு பாகத் தண்டவாளத்தில், இருந்த இடத்திலேயே இருந்தது.

"என்னண்ணன், கையைத் தூக்கேல்ல?"

மடிக்கு மேலே இறுகியிருந்த விரல்களை ஜெராட் ஒவ்வொன்றாக விரித்தான். "எவ்வளவு நேரம் நான்..."

"என்ன எவ்வளவு நேரம்? மூண்டு எண்ணினன், அவ்வளவுதான்." பவ்ஸான் அவனை உற்றுப் பார்த்தான். "தொப்பி எங்க?"

தொப்பி மேலே, ஒரு பனங்குற்றியின் நுனியில் மாட்டிக்கொண்டிருந்தது. இரண்டு ஆள் உயரம். காற்று அதை ஆட்டியதே தவிர விழுத்தவில்லை. எடுத்து வருவோமா என்று பவ்ஸானும் கேட்கவில்லை, ஜெராட்டும் சொல்லவில்லை.

இறங்கும்போது ஜெராட் இடுப்புக்குக் கீழே தன் களிசானைத் தொட்டுப் பார்த்தான். "பலகை ஈரம்," என்றான். "கடல் தண்ணி நிண்டிருக்கு."

பவ்ஸான் கடலைப் பார்த்தான். அது நல்ல தூரத்தில் கிடந்தது. வண்டிப் பலகையைப் பார்த்தான். "ஓம் அண்ணன்," என்றான்.

தண்ணீர் குடிக்கவென்று பவ்ஸானின் வீட்டில் நிறுத்தினார்கள். அவன் உம்மா, ஹவ்வா உம்மா, முற்றத்துக் கதிரையில் இருந்தார். களைத்த முகம். ஜெராட்டைப் பார்த்ததும் காணி விஷயமாக்கும் என்று முந்தானையை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இல்ல உம்மா. நான் தாழ்வுபாடு. சின்ன வயசில உங்கட உப்பு ரயிலில ஏறினனான். அதுதான் ஒருக்காப் பார்க்க..."

"யாரு ஏறினது?"

"நான்தான்."

"அதில ஒருத்தரும் ஏறினதில்ல மகன்," என்றார் ஹவ்வா உம்மா. "திறக்கவே இல்லையே. மயில் மாதிரிச் சோடிச்சு வச்சிருந்தம், திறக்கல்ல."

ஜெராட் தண்ணீர்ச் செம்பைப் பார்த்தான்.

"ஒரேயொரு தரம் ஓட்டிப் பார்த்தவங்க. வெறும் வண்டி துள்ளி விழும் எண்டு உப்பு மூட்டை ஏத்தித்தான் ஓட்டினது. சிங்கராசா எண்டு உப்பளத்துப் புள்ள ஒருத்தர், மூட்டையோட நானும் ஏறுறன் எண்டார். அண்டைக்குப் புதுச் சட்டை வேற. ஹாஜியார் சொல்லிச் சொல்லி அனுப்பினவர், மேல குறுக்கால பனஞ்சட்டம் இருக்கு, உயரம் காணாது, நாளைக்கு ஏத்திப் போடுறம் எண்டு. அந்தப் புள்ள சந்தோசத்தில... உச்சிக்குப் போனதும் ரெண்டு கையையும் தூக்கிட்டார்."

காற்று வேலியில் சீறியது.

"வண்டி கீழ வந்தது. மூட்டை எல்லாம் இருந்தது. அவரும் குந்தினபடிதான் இருந்தார்."

"கை?" என்றான் ஜெராட்.

"அதக் கேக்காதீங்க மகன். ஹாஜியார் அண்டைக்கே பூட்டிட்டார். அந்தப் பனஞ்சட்டத்தையும் வெட்டிக் கடல்ல போட்டார். இந்த உச்சி நேரத்தில அங்க போகவேணாம் எண்டு இவனுக்கும் சொல்லியிருக்கன். எங்க கேக்கிறான்?"

அன்றிரவு ஜெராட் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். அவன் பாரமான ஆள். வலதுபக்கம் இருக்கிறான். வண்டியோ இடதுபக்கம், யாருமில்லாத பக்கம், நன்றாகச் சரிந்திருக்கிறது. தலையில் தொப்பி இல்லை. மடிக்கு மேலே இரண்டு கையும் ஒன்றுமில்லாத ஒன்றை முழு பலத்தோடு பிடித்திருக்கின்றன. சங்கத்தில் இதைப் போட்டால் நீதவான்கூட எழுந்து நிற்பார். உலகத்தில் உப்பு ரயிலில் ஏறி உயிரோடு இறங்கியவன் அவன் ஒருவன்தான். முப்பது வருடம் சொன்னது இப்போது உண்மையாகிவிட்டது.

அவன் படத்தை அனுப்பவில்லை. போன் கடலில் விழுந்துவிட்டது என்று செயலாளருக்கு எழுதினான், அதே போனிலிருந்து. முன்வரிசைக் கதிரையில் இப்போது பல்வைத்தியர் இருக்கிறார்.

அந்தக் களிசானை அவனே கொடியில் போட்டிருந்தான், துவைக்காமல், வண்டிக்குள் கடல் தண்ணி நின்றது என்று அன்ரோனெற்றிடம் இரண்டுமுறை சொல்லிவிட்டு. கடல் தண்ணீர் காய்ந்தால் துணி விறைக்கும், வெள்ளையாக உப்புப் பூக்கும். தாழ்வுபாட்டில் கொடிக்குக் கொடி அப்படித்தான் தொங்கும். காலையில் அவள் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு மூக்கைச் சுளித்தபடி சவுக்காரத் தண்ணீரில் ஊறப் போட்டாள்.

உப்புப் பூத்திருக்கவில்லை.