கேட் நோட்டும் மூன்று வயதும்

அபுதாபியை அடுத்த முசஃபாவில் ஒரு கட்டுமானக் கம்பெனியின் கேம்ப்பில் அம்மையப்பன் டைம்கீப்பர். எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, போனது என்று கேட்டில் உட்கார்ந்து நோட்டில் எழுதுவார். தினமும் ரேடியோ செய்திக்குக் கடிகாரத்தைச் சரிபார்ப்பார். அதையும் எழுதுவார்.

1978 மார்ச்சில் டிரைவர் முகம்மது சித்தீக்கைப் போலீஸ் பிடித்தது. மாலை நான்கு பத்துக்கு அபுதாபி ஊருக்குள் ஒரு மஞ்சள் லாரி ஆளை இடித்துவிட்டு நிற்காமல் போயிருந்தது. சித்தீக்கின் லாரியும் மஞ்சள். ஆனால் அது நான்கு ஐந்துக்கே கேம்ப்புக்குள் வந்ததாக நோட்டில் இருந்தது. எழுதியவர் நேரில் வந்து சத்தியம் செய்தால்தான் நோட்டு செல்லும் என்றார் நீதிபதி. இல்லையென்றால் சித்தீக்குக்குச் சிறை.

மொழிபெயர்க்க வந்த காயல்பட்டினத்து வியாபாரி கௌஸ் முகைதீனை அம்மையப்பன் கோர்ட் வராந்தாவில் ஓரமாகக் கூப்பிட்டார்.

“மொதல்ல வயசு கேப்பாங்களாமே?”

“ஆமா அண்ணாச்சி. பாஸ்போர்ட்ல உள்ளதச் சொல்லிருங்க.”

“அது ஏஜென்ட் போட்ட வயசு. அம்பதத் தாண்டினா விசா இல்லன்னு மூணு வருசத்தக் கொறச்சிட்டான்.”

“இங்க யாருக்கு நெச வயசு? எங்க கடையில நாலு பேரு. நாலு பேரும் ஜூலை ஒண்ணாந்தேதிதான் பொறந்திருக்கானுவ.”

“சத்தியம் பண்ணிட்டு அதச் சொன்னா, பொறவு நாலு அஞ்சுன்னு சொல்லுதது மட்டும் எப்படி நெசமாகும்?”

“யா அல்லாஹ்! ஒங்க வயசுக்கா கேசு?”

உள்ளே நீதிபதி வயதைக் கேட்டார்.

“பாஸ்போர்ட்டில் ஐம்பத்திரண்டு. உண்மையில் ஐம்பத்தைந்து.”

கௌஸ் முகைதீன் மொழிபெயர்த்தார். நீதிபதி முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தார்.

“பாஸ்போர்ட்டில் பொய் இருக்கிறதா?”

“ஒன்று இருக்கிறது.”

“இந்த நோட்டில்?”

“இல்லை.” அன்று கடிகாரம் நாற்பது விநாடி பிந்தியிருந்ததாக எழுதிய வரியை அம்மையப்பன் காட்டினார்.

தனக்குக் கேடு வரும் என்று தெரிந்தே வயதைச் சொன்னவர், இன்னொருவருக்காக நேரத்தை மாற்றமாட்டார் என்று நீதிபதி தீர்ப்பில் எழுதினார். சித்தீக் அன்றே வெளியே வந்தான்.

கம்பெனியில் ஐம்பத்தைந்து வயது வரைதான் வேலை. கம்பெனி அதிகாரி அன்று கோர்ட்டில் பின்பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மறுவாரம் கடிதம் வந்தது: நீதிமன்றம் நம்பிய சாட்சியத்தைக் கம்பெனியும் நம்புகிறது. காலை பத்து இருபதுக்குப் பெற்றுக்கொண்டதாக அம்மையப்பன் கையெழுத்துப் போட்டார்.

ஊருக்குக் கிளம்பிய காலையில் சித்தீக்தான் விமான நிலையத்துக்கு லாரியில் அழைத்துப் போனான். கேட்டில் அம்மையப்பன் நிறுத்தச் சொன்னார்.

“எதுக்குண்ணாச்சி? பிளேனுக்கு நேரமாச்சே.”

“வண்டி வெளிய போகுதுல்லா?”

இறங்கிப்போய் எழுதினார்: மஞ்சள் லாரி, வெளியே, ஆறு பன்னிரண்டு. ஆட்கள் இருவர். திரும்புவது ஒருவர்.