சரண்யாதேவி வைத்த பெயர்

சரண்யாதேவியைப் பற்றி அவள் தெருவில் யாரிடம் கேட்டாலும் தங்கமான பிள்ளை என்பார்கள். நானும் அதைத்தான் சொல்வேன். அவள் கெட்ட புத்தியோடு ஒரு காரியம் செய்திருந்தால் திட்டித் தீர்த்துவிட்டுப் போயிருக்கலாம். அவள் நல்லது நினைத்துச் செய்தாள். எனக்கு வயிறு எரிவதே அதனால்தான்.

அவள் அம்மா சண்முகத்தாய் தாமிரபரணிப் பாசனத்து நெல் கிராமத்துக்காரி. புருஷன் போன பிறகு பிள்ளையை இழுத்துக்கொண்டு தூத்துக்குடிக்கு வந்து, இறால் ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றில் சேர்ந்தாள். அங்கே நீள மேசையின் இரண்டு பக்கமும் பெண்கள் நிற்பார்கள். நடுவில் ஐஸும் இறாலும் கொட்டிக் கிடக்கும். உரித்ததை அவரவர் டப்பில் போட வேண்டும். எடைக்குத் தகுந்த கூலி. எடை குறைந்துகொண்டே போகிறவளை, நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சூப்பர்வைசர் பொன்னுதுரை சொல்லிவிடுவார். அவர் குரலை உயர்த்தக்கூட மாட்டார்.

சண்முகத்தாய் வயலில் பழகியவள். நடுகையில் ஒருத்தி பின்தங்கினால் பக்கத்தில் நிற்கிறவள் அவள் பங்கிலும் நாலு குத்து நட்டு வரிசையைச் சரிபண்ணிவிடுவாள். அதற்கு நன்றி சொல்கிற வழக்கமெல்லாம் கிடையாது. அந்தப் பழக்கத்தை அவள் இறால் மேசைக்கும் கொண்டுவந்தாள். காய்ச்சலோடு வந்தவள், வீட்டில் துக்கம் நடந்து கை ஓடாமல் நிற்கிறவள், எவளாக இருந்தாலும் அக்கம்பக்கத்தார் ஆளுக்கு ஒரு பிடி உரித்த இறாலை அவள் டப்பில் தள்ளிவிடுவார்கள். பிடி போடுவது என்று அதற்குப் பெயர். மொத்த எடையில் ஒரு இறால் குறையாது என்பதால் கம்பெனிக்கும் நஷ்டமில்லை.

இந்தக் கூலியில்தான் சரண்யாதேவி கம்ப்யூட்டர் படிப்பு முடித்தாள். பைபாஸ் ரோட்டில் ஒரு மாடி ஆபீசில் வேலையும் கிடைத்தது. செயற்கை நுண்ணறிவுக்குப் பாடம் நடத்துகிற வேலை. வெளியூரிலிருந்து வீடியோக்கள் வரும். அதில் தெரிகிற ஒவ்வொரு அசைவையும் கட்டம் போட்டு, இது இன்னது என்று பெயர் குறிக்க வேண்டும். ஆயிரக்கணக்கில் அப்படிக் காட்டிக் கொடுத்தால், அப்புறம் மிஷின் தானாகவே கண்டுபிடித்துக்கொள்ளும். பார்த்ததை வெளியில் பேசக் கூடாது என்று கையெழுத்து வாங்கிவிட்டார்கள். சண்முகத்தாய்க்குத் தெரிந்ததெல்லாம், மகள் ஏசி ரூமில் உட்கார்ந்து படம் பார்த்தால் சம்பளம் வருகிறது என்பதுதான். அதைத் தெரு முழுக்கச் சொல்லியும் வைத்தாள்.

ஒருநாள் அவள் திரையில் இறால் மேசை வந்தது. முகங்களையெல்லாம் மங்கலாக்கியிருந்தார்கள். தொழிலாளரின் அந்தரங்கத்தை மதிக்கிறார்களாம். ஏப்ரனில் போட்டிருந்த நம்பரை மட்டும் பளிச்சென்று விட்டுவைத்திருந்தார்கள். இடது காலை ஊன்றி, வலது காலைக் கொஞ்சம் மடித்து, தலையைச் சாய்த்துக்கொண்டு நிற்கிற ஒருத்தியைப் பார்த்ததும் சரண்யாதேவி வீடியோவை நிறுத்தினாள். பெற்ற தாயை அடையாளம் காண முகம் எதற்கு?

அந்த வீடியோக்களுக்கு மூன்றே பெயர்கள் கொடுத்திருந்தார்கள். வேலை செய்கிறாள், சும்மா நிற்கிறாள், பொருளை எடுக்கிறாள். அம்மாவின் கை ஒரு பிடி இறாலோடு பக்கத்து டப்புக்குப் போனது. அடுத்த நாற்காலிப் பையன் அதைப் ‘பொருளை எடுக்கிறாள்’ என்று குறித்தான். அதாவது திருட்டு. சரண்யாதேவி எழுந்தாள். நேராக டீம் லீடர் ஜாய்சனிடம் போனாள்.

“சார், அது களவு இல்ல. முடியாதவளுக்கு மத்தவங்க உதவுதாங்க. அதுக்குன்னு தனியா ஒரு பேரு வைக்கணும், சார்.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“பாத்தாலே தெரியுது, சார்.”

ஜாய்சன் மேலிடத்துக்கு எழுதினார். மேலிடம் துள்ளிக் குதித்தது. ‘உதவி’ என்று நான்காவதாக ஒரு பெயர் சேர்ந்தது. எது உதவி, எது வெறும் கை வீச்சு என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பும் அவளுக்கே வந்தது. மேசையில் முதலில் தலையசைப்பார்கள், அப்புறம்தான் கை போகும் என்று அம்மா சொல்லிக் கேட்டதையும் அவள் சொல்லிக்கொடுத்தாள். கைதட்டினார்கள், கேக் வெட்டினார்கள். அம்மாவைத் திருட்டுப் பட்டத்திலிருந்து காப்பாற்றிவிட்டோம் என்று அன்றைக்கு அவள் நிம்மதியாக வீட்டுக்கு வந்தாள்.

மிஷின் படித்து முடித்து, அந்த இறால் கம்பெனிக்கே வேலைக்கு வந்தது. மேசைக்கு மேலே புதுக் கேமராக்கள் மாட்டினார்கள். பெண்கள் அதை அண்ணாந்து பார்த்துவிட்டு வேலையைப் பார்த்தார்கள். பல வருஷமாகக் கேமரா இருக்கத்தான் செய்கிறது, அதற்கு என்ன தெரிந்தது?

மாதம் முடிவதற்குள் பொன்னுதுரை நாலு பேரைக் கூப்பிட்டார். அதில் விஜிலா ஒருத்தி. ஆறு மாதக் கர்ப்பிணி. தெரிந்தால் நிறுத்திவிடுவார்கள் என்று பெரிய ஏப்ரனைக் கட்டி வயிற்றை மறைத்துக்கொண்டு வந்தவள். மொத்த மேசையும் அவளுக்காகத்தான் பிடி போட்டுக்கொண்டிருந்தது.

“இது ஒன் எடை இல்லம்மா. ஒவ்வொரு நாளும் யாரு யாரு எத்தனை பிடி போட்டாங்கன்னு கேமரா கணக்குல இருக்கு. ஒன் கை வேகம் பாதிதான் வருது” என்றார் பொன்னுதுரை.

யார் திருடினார்கள் என்று கம்பெனி கேட்கவே இல்லை. மெதுவானவள் யார் என்பதுதான் அவர்களுக்கு வேண்டியிருந்தது. இத்தனை வருஷமாக அதைக் கண்டுபிடிக்க முடியாமல் செய்தது அந்த ஒரு பிடிதான். உதவிக்கு ஒரு பெயர் வைத்துக் கொடுத்ததும், அந்தப் பெயரைக் கழித்துப் பார்த்தார்கள். மீதி நின்றது விஜிலாவின் சொந்தக் கை. திருட்டு என்றே விட்டிருந்தால்கூட மொத்த எடையைச் சரிபார்த்தால் பொய் என்று தெரிந்திருக்கும். இப்போது எல்லாம் உண்மை. சுத்தமான, துல்லியமான, நாசமாய்ப்போன உண்மை.

விஜிலா டிபன் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மேசையில் அதற்குப் பிறகு வேறு பேச்சில்லை.

“கேமரா எப்பிடிக் கண்டுபிடிக்கும்? நாம தலையாட்டுதது அதுக்கு எப்பிடித் தெரியும்?” என்றாள் ஒருத்தி.

“மேசையில நிக்குதவ எவளோதான் சொல்லிருக்கணும்” என்றாள் சண்முகத்தாய்.

எல்லார் கண்ணும் ஜெஸ்மியின் மேல் போய் நின்றது. ஜெஸ்மிக்கும் விஜிலாவுக்கும் தண்ணீர்க் குடத்துக்காகச் சண்டை வந்து பேச்சுவார்த்தை இல்லை. அவள் விஜிலாவுக்குப் பிடி போடாமல் இருந்ததும் உண்மை. போதாதற்கு, போன வாரம் மகனுக்குக் காய்ச்சல் என்று லீவு கேட்க பொன்னுதுரையின் ரூமுக்குப் போய்வந்திருந்தாள். வேறென்ன வேண்டும்? காட்டிக்கொடுப்பது மனுஷ வாயால்தான் முடியும் என்று வாழ்ந்த பெண்கள் அவர்கள். மறுநாளிலிருந்து ஜெஸ்மியின் பக்கத்தில் யாரும் சாப்பிட உட்காரவில்லை. கம்பெனி பஸ்ஸில் அவள் உட்கார்ந்த சீட்டிலிருந்து எழுந்து போனார்கள். அவள் வீட்டு வாசலில் யாரோ மீன் கழிவைக் கொட்டினார்கள்.

சண்முகத்தாய் தினமும் சாயங்காலம் இதையெல்லாம் மகளிடம் சொல்லுவாள், ருசித்துச் சொல்லுவாள். மூன்றாவதோ நாலாவதோ நாள் சரண்யாதேவி சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தாள்.

“எம்மா, ஜெஸ்மியக்கா சொல்லல. நான்தான்.”

“என்னளா உளறுத?”

அவள் முதலிலிருந்து சொன்னாள். வீடியோ, மூன்று பெயர், திருட்டு, நான்காவது பெயர், தலையாட்டு. சண்முகத்தாய் பாதியிலேயே சாப்பாட்டை நிறுத்திவிட்டாள். எழுந்து கை கழுவிவிட்டு வந்து, வாசல் கதவைச் சாத்தினாள். அடித்திருந்தால் சரண்யாதேவிக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

“யாருக்காது தெரியுமா?”

“தெரியாது.”

“தெரிய வேண்டாம்.”

“அப்ப ஜெஸ்மியக்கா?”

“அவ புருஷன் பிள்ளைகளோட இருக்கா. நாலு நாள் பேசுவாளுவ, மறந்துருவாளுவ. ஒனக்கு இனிமேதான் கல்யாணம் காச்சின்னு எல்லாம் இருக்கு. ஒன் வேலையும் போயி, பேரும் போயி, நான் எந்தக் கடல்ல போய் விழ?”

வயலில் அடுத்தவள் பங்கையும் நட்டுக்கொடுத்த அதே சண்முகத்தாய்தான் இதைச் சொன்னாள். அவளை நான் எப்படித் திட்டுவது? தாய் என்றால் அப்படித்தான் என்று சொல்லிவிட்டுப் போகவும் எனக்கு மனசு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பூசை முடிந்த கையோடு ஜெஸ்மியே வீட்டுக்கு வந்துவிட்டாள். உள்ளே வரவில்லை. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“யக்கா, நீங்க என்ன நினைச்சாலும் சரி. நான் ஒங்க மககிட்டப் பேசத்தான் வந்தேன்” என்று சொல்லிவிட்டு சரண்யாதேவியைப் பார்த்தாள். “ஏ பிள்ள, நீ கம்ப்யூட்டர் படிச்சவ. மிஷினு தானாவே கண்டுபிடிக்கும்னு எம் மவன் செல்லுல பாத்துச் சொல்லுதான். அது நெசம்தானா? நெசம்னா நம்ம ஆளுவகிட்ட ஒரு வார்த்தை சொல்லேன். நீ சொன்னா கேப்பாளுவ. எம் பிள்ளைகூட வெளாடக்கூட விட மாட்டேங்காளுவ.”

சரண்யாதேவி வாயைத் திறந்தாள். அதற்குள் சண்முகத்தாய் முன்னால் வந்துவிட்டாள்.

“மிஷினுக்கு என்னளா தெரியும்? எவளாது வாயத் தொறந்து சொன்னாத்தானே அதுக்குத் தெரியும்? படிச்ச பிள்ளைய எதுக்கு இதுல இழுக்க?”

அவள் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஜெஸ்மி சரண்யாதேவியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். சரண்யாதேவி அம்மாவைப் பார்த்தாள், ஜெஸ்மியைப் பார்த்தாள். கண்ணில் இருந்து பொலபொலவென்று கொட்டியது.

ஜெஸ்மி படியேறி உள்ளே வந்து, முந்தானையால் அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டாள்.

“நீ அழாத பிள்ள. எனக்காக அழுவதுக்கு நீ ஒருத்தியாவது இருக்கியே. அது போதும் எனக்கு” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.