செபஸ்தியார் கோயிலுக்கு உத்தரம் ஏற்றினோம்

காலை 7.10. பினாங்கு ஜார்ஜ் டவுனில் நான் தங்கியிருந்த விடுதி வாசலில் வாடகைக் கார் வந்து நின்றது. நிபோங் திபால் போக 60 வெள்ளி (ரிங்கிட்) என்று பேசியிருந்தேன். ஆற்றில் படகு, கரையில் நண்டு, மாலையில் திரும்புவது, இவ்வளவுதான் என் திட்டம். ஓட்டுநர் மாரிமுத்துவுக்கு ஐம்பது தாண்டியிருக்கும். தோள்கள் மட்டும் முப்பது வயதுக்காரருடையவை. வண்டியை எடுத்ததுமே ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார்.

“அக்கா, கொண்டுபோய் விட்டுடுவேன். ஆனா வெயிட் பண்ண முடியாது லா. இன்னிக்கு எங்க தோட்டத்து சர்ச்சுக்கு உத்தரம் ஏத்துறோம்.”

“நீங்க கிறிஸ்தவரா?” நெற்றியில் பளிச்சென்று திருநீறு இருந்தது. நான் கேட்டிருக்கவே வேண்டாம்.

“நான் மாரியம்மன் கோயில் ஆளு. தேருக்குக் கயிறு புடிக்கிறவன். ரெஜினாக்கா போன் போட்டு, ‘கிரேன் வராது, உன் ஆளுங்கள கூட்டிட்டு வா’ன்னுட்டாங்க. அவங்க சொன்னா சொன்னதுதான்.”

பதின்மூன்றரை கிலோமீட்டர் கடல் பாலத்தைக் கடந்து முடிப்பதற்குள் நண்டு என் மனதை விட்டுப் போய்விட்டது. “அப்ப நானும் வரேன்” என்றேன். அவர் கண்ணாடி வழியாக என் கைகளை ஒரு முறை பார்த்தார்.

காலை 8.20. எண்ணெய் எடுக்கும் செம்பனை வரிசைகளுக்கு நடுவே செம்மண் பாதை. ஒரு கால்வாயின் மேல் பழைய பாலம். மூன்று டன்னுக்கு மேல் ஏறக் கூடாது என்று பலகை. கிரேன் வராததற்குக் காரணம் புரிந்தது. பாலத்துக்கு அப்பால் செபஸ்தியார் கோயில். சுண்ணாம்புச் சுவர்கள் நெட்டுக்குத்தாக நின்றன, தலையில் கூரை இல்லை. கரையான் தின்ற பழைய உத்தரம் புல்லில் கிடந்தது. கையால் கிள்ளினால் உதிர்ந்தது. பக்கத்தில் புதியது. புதியது என்றால் அதற்கும் வயதாகிவிட்டது. இடித்த ரப்பர்ப் புகைக்கூடத்திலிருந்து எடுத்த செங்கால் என்னும் வைரம் பாய்ந்த மரம், இருபத்து நான்கு அடி நீளம்.

ரெஜினா அக்கா ஓய்வு பெற்ற நர்ஸ். நாற்பது பேரை வார்டில் விரட்டுவதுபோல விரட்டிக்கொண்டிருந்தார். எனக்கு ஒரு கோப்பை தே தாரிக் தேநீர் கொடுத்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார்.

“ரெண்டு வருசமா பூட்டிக் கெடக்கு மா. பிஷப் ஆபீஸ் பெரியவங்க இடிச்சிட்டு கான்கிரீட் ஹால் கட்டச் சொல்லிட்டாங்க. நான் போய் சண்டை போட்டு ஒரு சான்ஸ் வாங்கினேன். பன்னெண்டு மணிக்கு அவங்க இஞ்சினியர் வராரு. உத்தரம் உக்காந்திருந்தா கோயில் நிக்கும். இல்லாட்டி திங்கக்கிழமை இடிக்க ஆள் வருது.”

கொஞ்சம் நிறுத்தி, “எங்க வீட்டுக்காரர் சின்னப்பன் இங்க முப்பது வருசம் மணி அடிச்சவரு. போன வருசம் போய்ட்டாரு. பேட்மிண்டன் ஹால்ல கோடு போட்ட தரையில வச்சித்தான் அடக்கப் பூசை வச்சோம்” என்றார். தேநீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தேன்.

காலை 9.30. சுவர்களுக்கு மேல் இரும்புச் சாரம், சாரத்தில் கப்பிகள், கப்பிகளில் நான்கு கயிறுகள். தச்சர் ஆ ஹோக் தோட்டத்திலேயே வளர்ந்த சீனர். அவருடைய தமிழ் என்னுடையதைவிட வேகம். “மெதுவா இழு, மெதுவா!” என்று மேலிருந்து கத்தினார்.

மாரிமுத்துவின் தேர்க்காரர்களுக்கு மெதுவாக என்பதே தெரியாது. நின்ற தேரை நகர்த்த முதல் இழுப்பிலேயே உயிரைக் கொடுக்க வேண்டும். அவர்கள் பழக்கம் அது. “ஓம் சக்தி!” என்றார் மாரிமுத்து. மறுகணம் உத்தரத்தின் கிழக்கு முனை துள்ளி எழுந்து சுவரில் மோதியது. ஒரு கூடைச் சுண்ணாம்பு பொலபொலவென்று உதிர்ந்தது.

“ஐயோ, செவுரு போச்சு! இது தேர் இல்ல லா, மாரி!” என்று ஆ ஹோக் அலறினார். இறக்கினார்கள். ரெஜினா அக்கா முகத்தில் ரத்தமே இல்லை.

இரண்டாம் முறையும் அப்படித்தான். மணி பத்தே முக்கால். அப்போது, கோயிலில் செபம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் தயங்கித் தயங்கி ஒரு யோசனை சொன்னார். புனிதர்களின் மன்றாட்டு மாலையை அவர் சொல்வார். ஒவ்வொரு பெயருக்கும் எல்லோரும் “எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்” என்று பதில் சொல்லும்போது மட்டும் நான்கு விரல் அளவு இழுக்க வேண்டும். அடுத்த பெயர் வரும்வரை கயிற்றைத் தூணில் சுற்றிப் பிடித்து நிற்க வேண்டும்.

“நீட்டிச் சொல்லுங்க உபதேசியாரே, எங்களுக்கு மனப்பாடம் இல்ல” என்றார் மாரிமுத்து. நானும் மேற்குக் கயிற்றில் போய் நின்றேன். யாரும் தடுக்கவில்லை.

“புனித மரியாயே!”

“எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்!” நான்கு விரல்.

“புனித சூசையப்பரே!” இன்னும் நான்கு விரல். உத்தரம் தட்டாமல் தடுமாறாமல் எழுந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. திருநீறு பூசிய இருபது பேர் செபஸ்தியாரையும் அந்தோனியாரையும் அடித்தொண்டையில் கூப்பிடுவதைக் கேட்க நான் கடல் தாண்டி வந்திருக்கிறேன்! இடையில் உத்தரம் லேசாகச் சாயவே, ஆ ஹோக் “ரெண்டு விரல், ரெண்டு விரல் போதும்” என்றார். அங்கேதான் கணக்கு உதைத்தது. இரண்டடி உயரம் பாக்கி இருந்தபோது உபதேசியாரிடம் புனிதர்கள் தீர்ந்துவிட்டார்கள்.

சத்தம் நின்றது. எப்போது இழுப்பதென்று யாருக்கும் தெரியவில்லை. ஒரு கயிறு முந்தியது, உத்தரம் ஆடியது. உபதேசியார் திருதிருவென விழித்தார்.

“சின்னப்பன் அண்ணே!” என்று கத்தினார் மாரிமுத்து. அந்த நேரத்தில் அவர் வாயில் வந்த கிறிஸ்தவப் பெயர் அதுதான்.

அப்படியெல்லாம் சொல்ல மன்றாட்டு மாலையில் இடமில்லை, புனிதர்கள் மட்டும்தான். ரெஜினா அக்காதான் முதலில் பதில் சொன்னார், கால்வாய்ப் பாலம்வரை கேட்கும்படி: “எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்!”

இரண்டு விரல் ஏறியது. அப்புறம் தோட்டத்தில் இறந்துபோனவர்களின் பெயர்கள் தாமாகவே வந்தன. “கணக்கு எழுதுன கிராணி ஆசீர்வாதம்!” “லோரி ஓட்டுன காத்தமுத்து!” “ரப்பர்ப் பால் வெட்டுன அந்தோணியம்மா!” ஆ ஹோக் மேலிருந்து தன் அப்பாவின் சீனப் பெயரைச் சொன்னார், அதற்கும் இழுத்தோம். என் முறை என்று எனக்கே தோன்றியபோது “சவரியம்மா!” என்றேன். என் அம்மா. திண்டுக்கல்லைத் தாண்டாமலே போய்ச் சேர்ந்தவள். அவளுக்கும் நாற்பது தொண்டைகள் பதில் சொல்லின. உத்தரம் சுவர்க்குழியில் டக்கென்று உட்கார்ந்தபோது மணி 11.50.

பகல் 12.25. இஞ்சினியர் தாமதமாக வந்தார். சாரத்தில் ஏறி, சுத்தியலால் தட்டி, மட்டம் வைத்துப் பார்த்தார். கீழே இறங்கி, “திங்கக்கிழமை யாரும் வர மாட்டாங்க. கூரைய போடுங்க” என்றார். ரெஜினா அக்கா புல்லில் உட்கார்ந்து சத்தமாக அழுதார். அழுதுகொண்டே, சோறு ஆறிப்போகிறது என்று எங்களைத் திட்டினார்.

மறுநாள் பினாங்கு விமான நிலையத்தில் குடிநுழைவு அதிகாரி என் விரல்களை இயந்திரத்தில் வைக்கச் சொன்னார். மூன்று முறை வைத்தும் ரேகை விழவில்லை. கயிறு தோலை உரித்திருந்தது. என்ன ஆயிற்று என்று கேட்டார். ஒரு கோயில் கட்டினோம் என்றேன். நான்காவது முறை இயந்திரம் இரங்கியது.

எங்கள் ஊரிலும் இப்படி ஒரு பழைய கோயில் இருந்தது. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டினார்கள். நானும் பணம் அனுப்பினேன். பளிங்குக் கல்லில் என் பெயர் இருக்கிறது. இடித்த அன்று நான் சென்னையில் இருந்தேன். எந்தச் சுவர் முதலில் விழுந்தது என்று நான் இதுவரை யாரையும் கேட்டதில்லை.