மாதா சேலையும் தெரசாக்காவும்

போன வாரம் பழைய புத்தகக் கடையில் ஓர் ஆங்கில நாவல் கையில் அகப்பட்டது. அட்டையில் கிராமத்து மாதா கோயில், பூக்கூடையோடு ஒரு கிழவி, புல்தரையில் ஒரு பிணம்! நான் ஐந்தாவதோடு நின்றவன். விரல் வைத்து எழுத்துக் கூட்டி இரண்டு பக்கம் தாண்டுவதற்குள் தெரசாக்கா ஞாபகம் வந்துவிட்டது.

ஏழெட்டு வருஷத்துக்கு முந்தைய கதை. அக்கா வெள்ளைக்காரப் பட்டாள அதிகாரி வீட்டில் ஆயா. துரைசானி படித்து முடித்த துப்பறியும் நாவல்கள் எல்லாம் அக்கா கைக்கு வந்துவிடும். அத்தனையும் ஒரே மாதிரி — கிராமத்துக் கோயில், தேத்தண்ணி விருந்து, யாருக்காவது விஷம்! எங்கள் கோயிலில் பூ அலங்காரம் செய்தபடியே எனக்குக் கதை சொல்வார்.

"அந்த ஊர்ல கோயிலுக்குப் பூ வைக்கிற பொம்பளைக்குத்தான் எல்லாம் தெரியும் தம்பி. நானும் பூ வைக்கிறவதானே லா!"

தேக்கா மார்க்கெட்டைத் தாண்டி ஒரு சந்தில், தகரக் கூரை போட்ட சின்னக் கோயில். மணி அடித்து, பெருக்கி, மெழுகுவத்தி ஏற்றும் கோயில்பிள்ளை சவரிமுத்து, மனைவி மக்களோடு பின்னால் ஓர் அறையில் இருந்தார். எனக்குத் துறைமுகத்தில் வேலை நின்று போயிருந்தது. அவர் வாசலில்தான் என் பாய்.

திருவிழா நெருங்கும்போது, மாதா சுரூபத்துக்கு உடுத்தும் நீலப் பட்டுச் சேலையைக் காணோம். அது இருந்த பெட்டிக்கு இரண்டு சாவி. ஒன்று சவரிமுத்துவிடம். மற்றது கோயில் கமிட்டித் தலைவர் வீட்டில். தலைவரைச் சந்தேகப்பட முடியுமா?

"ஞாயித்துக்கிழமை தேருக்கு முன்னாடி சேலை வரணும். இல்லன்னா ரூமைக் காலி பண்ணு" என்றார் தலைவர்.

எனக்கென்ன... பாயைச் சுருட்டினால் ஆயிற்று. சவரிமுத்து? அவர் மனைவி சட்டிபானைகளைச் சாக்கில் கட்ட ஆரம்பித்துவிட்டார்.

தெரசாக்கா பெட்டியைத் திறந்து பார்த்தார்.

"தம்பி, மாதாவோட தங்கச் சங்கிலி அப்படியே இருக்கு. அதை விட்டுட்டு சேலையை மட்டும் எடுத்தவன் என்ன திருடன்?"

"பைத்தியக்காரத் திருடன்க்கா."

"ஆம்பளை மூளை! இது பிரசவத்துக்குப் போயிருக்கு லா."

பெண்களுக்குள் ஒரு வழக்கம். வலி கண்டும் பிள்ளை பிறக்காமல் தவித்தால், மாதா உடுத்திய சேலையை வாங்கிப் போய்ப் போர்த்துவார்கள். விபூதி பூசியவர்களும் வந்து கேட்பார்கள். தலைவருக்கு இது ஆகாது. 'மூடநம்பிக்கை. இனி யாருக்கும் தரக்கூடாது' என்று அந்த வருஷம்தான் உத்தரவு போட்டிருந்தார்.

அவருடைய மகளோ பிரசவ ஆஸ்பத்திரியில். வலி வந்தும் பிள்ளை வரவில்லை. தாய் கூடவே இருந்தார். இன்னொரு சாவி யார் வீட்டில்?

"நாவல்ல வர்ற மாதிரி எல்லாரையும் கூட்டி வச்சு உடைச்சிருங்கக்கா!" என்றேன்.

"உடைச்சிட்டு? அந்தம்மா அந்த மனுஷனோட குடும்பம் நடத்த வேணாமா?"

ஆஸ்பத்திரிக்குப் போனோம். பெஞ்சில் இருந்த தலைவரின் மனைவி பக்கத்தில் அக்கா உட்கார்ந்தார்.

"சேலை மக மேலயே இருக்கட்டும்மா. ஆனா ஞாயித்துக்கிழமைக்குள்ள வரலைன்னா, சவரிமுத்து குடும்பம் ரோட்டுக்கு வந்துரும்."

அந்த அம்மாளுக்கு முகம் வெளுத்துவிட்டது. கோயிலில் நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது.

"அதுக்குள்ள பொறக்கலைன்னா, தெரசா?"

அக்கா ஜெபமாலையை எடுத்துக்கொண்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் ஆண் பிள்ளை! தாயும் பிள்ளையும் சுகம். விடிந்ததும் சேலை பெட்டிக்குள் இருந்தது. பட்டில் ஆஸ்பத்திரி மருந்து வாடை. அக்கா தாராளமாக மல்லிகை சுற்றினார்.

"முதல்லயே ஒழுங்கா தேடியிருந்தா கிடைச்சிருக்கும்ல?" என்றார் தலைவர்.

"ஆமாங்கய்யா" என்றார் சவரிமுத்து. வீட்டில் சாக்கு அவிழ்ந்தது.

அந்த நாவல்களில் குற்றவாளி பிடிபட்டால்தான் ஊர் நிம்மதியாகத் தூங்கும். எங்கள் கோயிலில் யாரும் பிடிபடவில்லை... எல்லோரும் நன்றாகத் தூங்கினோம்.

ஞானஸ்நானத்துக்குப் பெரிய பெரிய ஆட்கள் வந்திருந்தார்கள். ஆனால் ஞானத்தகப்பனாகச் சவரிமுத்துதான் நிற்க வேண்டும் என்று பாட்டியான அந்த அம்மாள் ஒரே பிடிவாதம். ஏனென்று தலைவருக்கு இன்றுவரை புரியவில்லை.

நல்லவேளை, அவர் தமிழ்ப் பத்திரிகை படிப்பதில்லை!